பொருள்: பொத்தான், ஜிப், தப்புக்கலர்

என் அண்ணி ஓவியர். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் "யாரு, கிறுக்கியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

அந்தப் பெயரை வைத்ததே நான்தான். நாத்தனார் என்று ஒருத்தி இருப்பது வேறு எதற்கு? கிறுக்குகிறவள் கிறுக்கி, இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது. நான் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருப்பவள். பேன்ட்டின் இடுப்பைப் பிரிப்பது, கவுனின் நீளத்தைக் குறைப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இதுதான் என் பிழைப்பு. ஒரு நாள் என் கத்தரிக்கோலைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினால், அதைப் பிளைவுட் பலகையில் ஒட்டி மேலே பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? "வீட்ல நீங்க ஒருத்தர் கிறுக்கா இருக்கறது போதாதா, கத்தரிக்கோலும் ஆகணுமா? சரியான கிறுக்கி" என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. "பேரு நல்லா இருக்கே" என்றாள். அன்றைக்கே அந்தப் படத்தின் கீழ்மூலையில் 'கிறுக்கி' என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அதுதான் கையெழுத்து. நான் வேறு கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டேன்.

அண்ணி ஒரு பஸ் டிரைவரின் மகள். பள்ளிக்கூடத்தில் ஆப்பிள் வரையச் சொன்னார்களாம். எல்லாரும் சிவப்பாக உருண்டையாக வரைந்துகொண்டிருந்தபோது இவள் ஆப்பிளைக் கடிக்கிற சத்தத்தை வரைந்தாளாம். அதற்கு மதிப்பெண்ணாகச் சுழி போட்டார்கள். "அந்தச் சுழியும் படத்தோட நல்லாத்தான் இருந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்வாள். அதோடு ஓவியத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆயிற்று. பள்ளி முடித்தாள், ஒரு பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது வேறு கதை. வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். கல்லுளிமங்கன். அண்ணியின் ஓவிய வாழ்க்கை தொடங்கியதே அவனால்தான். கல்யாணமான புதிதில் கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுவதற்காக டிரில்லை எடுத்தான். முதல் ஓட்டை கோணல். இரண்டாவது பெரிதாகிவிட்டது. மூன்றாவதில் உள்ளே கம்பி தட்டியது. முப்பது மாடிக்கு லிஃப்ட் மாட்டுகிறவனுக்கு ஒரு கடிகாரம் மாட்டத் தெரியவில்லை. சுவர் சல்லடையாகிவிட்டது. பூசி மறைக்கக் கையில் அதே நிற பெயிண்ட் இல்லை. அண்ணி ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் கையில் கிடைத்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் போட்டாள். நடுவில் என் டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து அடைத்தாள். ஓர் ஓரத்தில் வட்டத்திலிருந்து வட்டத்துக்கு ஒரு கோடு ஓடிற்று. சாயங்காலம் வேலை முடிந்து வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் முழுக்கக் கண்கள் திறந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன.

"இது என்ன அண்ணி?" என்றேன்.

"உங்க அண்ணன் தோத்த இடம்" என்றாள்.

அண்ணன் "ம்" என்றான். கடிகாரத்தை அலமாரி மேல் வைத்துவிட்டான். அது இன்னும் அங்கேதான் ஓடுகிறது.

அந்த ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பது அண்ணியின் வேலை. வாங்க வருபவர் அட்டையில் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டுவார். வெள்ளை டின்னுக்குள் மெஷின் சொட்டுச் சொட்டாகச் சாயம் விடும். அண்ணி மூடிபோட்டுக் குலுக்கி, மூடியின் மேல் அந்த நிறத்தில் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பாள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது இது இல்ல" என்று டின்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புருஷன் காட்டிய நீலம் பெண்டாட்டிக்குப் பிடித்திருக்காது. திரும்பி வந்த டின்னை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். கடையில் அதற்குத் தப்புக்கலர் என்று பெயர். கடைக்காரர் அதையெல்லாம் அண்ணியிடமே தள்ளிவிடுவார். ஊரில் ஒருத்தருக்கும் வேண்டாத நிறமெல்லாம் எங்கள் வீட்டுப் பால்கனியில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். அழுக்கு மஞ்சள், ஊதாவும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒன்று, காய்ச்சல்காரன் நாக்கு நிறத்தில் ஒரு ரோஸ். அண்ணி இன்று வரை காசு கொடுத்து ஒரு கலர் வாங்கியதில்லை. "கேட்ட கலர்ல யார் வேணும்னாலும் வரையலாம். கேக்காம வந்ததுல வரையணும்" என்பாள்.

அப்படியே பழக்கம் ஏறிவிட்டது. சுவர் நிறைந்ததும் பலகைக்கு வந்தாள். பலகையில் துணி வந்தது, துணியில் சட்டைப்பை வந்தது. அந்தப் பையில் கையை விட்டால் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: 'அடுத்தவங்க பையில என்ன தேடறீங்க?' ஒரு படத்தில் நடுவாக ஒரு ஜிப். திறந்தால் உள்ளே மஞ்சள் கொட்டிக்கிடக்கும். ஒரு பலகை முழுக்க வெறும் வெள்ளை. அது என்ன என்று அண்ணன் கேட்டதற்கு, "நீங்க என்கிட்ட பேசாம விட்டதெல்லாம்" என்றாள். பலகை முழுக்கச் சிவப்பாக ஒன்று இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

வீட்டில் எது காணாமல் போனாலும் நாங்கள் முதலில் படங்களில்தான் தேடுவோம். "அண்ணி, என் அளவு டேப் எங்கே?" "அந்த நீலப் படத்துல பாரு. இப்ப பிடுங்காதே, இன்னும் காயலை." அண்ணன் ஒரு நட்டுக்காக அலைந்துவிட்டுக் கடைசியில் ஸ்பேனரோடு படத்தின் முன்னால் வந்து நிற்பான். அவள் வேறு நட்டு கொண்டு வந்தால்தான் இதைக் கழற்றலாம் என்பாள். பண்டமாற்று நடக்கிற கடைபோல ஆகிவிட்டது வீடு. இதே காரியத்தை நான் செய்திருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பான் அண்ணன். பெண்டாட்டி உடைத்தால் மண்குடம், தங்கச்சி உடைத்தால் பொன்குடம்.

இப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவளுக்கு ஓர் ஆசை வந்தது.

எங்கள் ஊரில் ஓவியர் சங்கம் என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை பொது மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். மாடியில் பெரிய கூடம், நல்ல வெளிச்சம். அங்கே ஓவியங்கள் சுவரில் மாட்டியிருக்கும். கீழே படிக்கட்டை ஒட்டி ஓர் அறை. அங்கே மேஜை போட்டுக் கைவினைப் பொருள்கள். கூடைகள், மெழுகுவர்த்திகள், பின்னிய தொப்பிகள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்ணி ஒரு படத்தைக் கொண்டுபோனாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒரே பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கடையை மூடிவிட்டு நான் போனேன். மாடிக்கூடத்தில் தேடினேன், காணோம். கீழே வந்தேன். மெழுகுவர்த்திகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவில், மேஜை மேல் மல்லாக்கப் படுத்திருந்தது அண்ணியின் படம். அதன் மேல் யாரோ குடித்துவிட்டு வைத்த டீக் கப்புகள். பக்கத்தில் பட்டுச் சேலையோடு அண்ணி நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மாள் வந்து, "ஏம்மா, இந்த ட்ரேயில வேற சைஸ் இருக்கா?" என்று கேட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, ஒண்ணுதான்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன். அண்ணி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரில் சாய்த்தாள். டீக் கறை வட்டமாகப் பதிந்திருந்தது. துடைக்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "ஏங்க, எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும். ஒரே ஒரு படம். அந்த மாடியில, சுவத்துல மாட்டி, நாலு பேர் நின்னு பாக்கணும். இல்லேன்னா இந்த டின்னையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம். இனிமே பிரஷ்ஷைத் தொடமாட்டேன்" என்றாள்.

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஒரு தடவை சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொன்னாள், அதற்குப் பிறகு இன்று வரை டீயில் போட்டதில்லை. இத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்தது அந்தக் கிறுக்கலைத்தான். அது இல்லாமல் அந்த வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெறும் சுவர், வெறும் பால்கனி, பெயிண்ட் கடையிலிருந்து வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணி. ஏற்கெனவே ஒரு கல்லுளிமங்கன் போதாதா?

சில நாள் கழித்து அண்ணன் ஒரு பழைய லிஃப்டின் கதவுத் தகட்டை இரண்டு பேரோடு சேர்ந்து மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கேயோ பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார்களாம். கூடவே மாடி எண் போட்ட பட்டன்கள், அப்படியே வரிசையாக. "உனக்கு" என்றான். அண்ணி அந்தத் தகட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். நான் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் அந்தத் தகட்டைச் சுற்றித்தான் நடந்தோம். அண்ணி மாடிக்கு ஒரு நிறமாகப் பட்டை பட்டையாக அடித்தாள், எல்லாம் தப்புக்கலர். ஒரு பட்டை இன்னொரு பட்டைக்குள் வழிந்து நுழைந்தது. நான் ஜிப் தைத்துக் கொடுத்தேன், கொட்டிக்கிடந்த பொத்தான்களைக் கொடுத்தேன். அண்ணன் பின்னால் பேட்டரி வைத்து ஒயர் இழுத்தான். ஒரு பட்டனை அழுத்தினால் நீலப் பட்டைக்குப் பின்னால் சின்ன விளக்கு எரியும். இன்னொன்றை அழுத்தினால் லிஃப்ட் வந்து நிற்கும்போது கேட்குமே, அந்த மணி அடிக்கும். இன்னொன்றுக்கு ஒரு குட்டி விசிறி சுற்றி, தொங்கும் துணித் துண்டுகள் படபடக்கும். நாலாவது பட்டனை மட்டும் அண்ணன் இணைக்கப் போனபோது அண்ணி தடுத்துவிட்டாள்.

"அது ஒண்ணும் பண்ணக்கூடாது" என்றாள்.

"ஏன்?"

"ஒண்ணாவது சும்மா இருக்கட்டுமே. பாவம்."

படத்துக்குப் பெயர் 'மேலே போகுமா?' லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி.

படம் பதிவு செய்கிற நாளில் நானும் கூடப் போனேன். போன வருஷம் கடையில் வேலை தலைக்கு மேல் இருந்ததால் போகவில்லை. இந்த வருஷம் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். அண்ணனும் அவன் வேலைக் கூட்டாளிகளும் தகட்டைத் தூக்கி வந்து மண்டபத்து முன்கூடத்தில் நிறுத்தினார்கள். மேஜைக்குப் பின்னால் சங்கத்தின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். மேடையில் பேசுகிற தமிழையே எப்போதும் பேசுகிறவர். வீட்டில் உப்புக் கேட்பதும் அப்படித்தான் கேட்பார்போல.

"படத்தின் தலைப்பு?" என்றார். அண்ணி சொன்னாள்.

"படத்தின் பொருள் என்ன?"

"லிஃப்ட் கதவுத் தகடு, பட்டன், பெயிண்ட்டு, ஜிப்பு, சட்டைப் பொத்தான், துணி, ஒரு சின்ன விசிறி" என்று அண்ணி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "கைவினைப் பிரிவு. கீழ்த்தளம், மூன்றாவது மேஜை" என்று எழுதப் போனார்.

எனக்குச் சுரீர் என்றது. போன வருஷமும் இதேதான் நடந்திருக்கிறது. அந்த மனிதர் அர்த்தத்தைக் கேட்டிருக்கிறார், இவள் சாமான் கணக்கைச் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்த பாவத்துக்கு அண்ணியின் படம் டீக் கப்புத் தட்டாகிவிட்டது.

"சார், எழுதாதீங்க. கொஞ்சம் நில்லுங்க" என்றேன். "அண்ணி, அவரு அர்த்தம் கேக்கறாரு. என்னென்ன சாமான் போட்டீங்கன்னு கேக்கலை."

அண்ணி விழித்தாள். "அர்த்தமா? அர்த்தம்னு ஒண்ணும் இல்லையே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். செயலாளர் பேனாவை மூடினார். "பொருளற்ற படத்தை ஓவியப் பிரிவில் ஏற்க இயலாது, அம்மா."

"அர்த்தம் இருக்கு சார், அவங்களுக்குச் சொல்ல வரலை" என்று நான் மல்லுக்கு நின்றேன். பின்னால் படங்களோடு நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அண்ணி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். சண்டை போடுகிற முகமே இல்லை. "ஐயா, நீங்க எழுந்து வந்து இந்தப் பட்டன்ல ஒண்ணை அழுத்திப் பாருங்களேன்" என்றாள்.

அவர் எழுந்து வந்தார். முதல் பட்டனை அழுத்தினார். நீலத்துக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. "ம்" என்றார். அடுத்ததை அழுத்தினார், மணி அடித்தது. அவர் முகத்தில் ஏதோ இளகியது. விசிறியை அழுத்தித் துணி படபடத்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நாலாவதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"இது ஏன் இயங்கவில்லை?"

"இயங்கும்னு யாரு சொன்னா ஐயா?" என்றாள் அண்ணி.

"அழுத்தினால் ஏதேனும் நிகழும் என்று..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தன் விரலைப் பார்த்தார். மேஜைக்குத் திரும்பிப் போய், பேனாவைத் திறந்து, "பொருள்: எதிர்பார்ப்பு" என்று தானே சொல்லிக்கொண்டு எழுதினார். தானே கண்டுபிடித்ததில் அவருக்கு ஏகப் பெருமை.

"எதிர்பார்ப்புன்னு நானா சொன்னேன்?" என்று அண்ணி என் காதில் கேட்டாள்.

"பேசாம இருங்க அண்ணி. காரியத்தைக் கெடுக்காதீங்க."

மணிச் சத்தம் கேட்டு சங்கத்தின் தலைவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் அருவி வரைகிறவர். வருஷா வருஷம் ஓர் அருவி. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், கூடத்திலேயே நல்ல இடத்தில் அது தொங்கும். அண்ணியின் படத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "பொத்தான் ஒட்டினா அது ஓவியமா? நாளைக்கு வாஷிங் மெஷினையும் தூக்கிட்டு வருவாங்க" என்றார். செயலாளர் எழுதியதைக் காட்டினார். எழுதியது எழுதியதுதான், சங்கத்து விதி. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, மேலே போகட்டும். அந்த ஓரமா, தூண் பக்கம் மாட்டுங்க. ஆனா ஒரு பொத்தான் கீழே விழுந்தாலும் கழட்டிக் கீழே மேஜைக்கு அனுப்பிடுவேன். கூடத்துல குப்பை சேரக்கூடாது" என்றார்.

அண்ணன் அன்றைக்கு லிஃப்ட் தாங்குகிற போல்ட்டாகப் பார்த்து அந்தத் தகட்டை மாட்டினான். படம் எந்தக் காலத்திலும் விழாது. பொத்தான் விஷயம்தான் எனக்குக் கவலை. வீட்டில் ஒட்டியபோது பாதிப் பொத்தானுக்கு அவசரத்தில் பசையை ஒப்புக்குத்தான் தடவியிருந்தாள் அண்ணி.

கண்காட்சி திறந்த அன்று நான் அந்தத் தூணை விட்டு நகரவில்லை. மேலே 'தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கிற்று. முதலில் வந்தவர்கள் எட்டி நின்று பார்த்தார்கள், "இது என்னது, லிஃப்ட்டா?" என்று கேட்டுவிட்டு அருவிப் பக்கம் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவரும் பார்க்காத நேரத்தில் அட்டையின் 'தொடாதீர்கள்' என்பதில் 'தொட' மட்டும் மிஞ்சும்படி மற்றதை என் கடைப் பேனாவால் அடித்தேன். மிஞ்சியதைப் படித்தவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள், அப்புறம் தொட்டார்கள். மணி அடித்தது. கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

அவ்வளவுதான். மதியத்துக்குள் வரிசை நின்றது. ஆபீஸ் போகிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், கைத்தடியோடு வந்தவர்கள். விளக்கை, மணியை, விசிறியை எல்லாரும் ஒரு தடவை அழுத்தினார்கள். நாலாவது பட்டனைத்தான் விடவில்லை. "நீங்க சரியா அழுத்தலை, நகருங்க" என்று ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டார்கள். அண்ணி தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. வாட்டசாட்டமான ஒருவர், தபால்காரர் உடுப்பில் இருந்தவர், ஜிப்பை இழுத்த வேகத்தில் ஒரு பெரிய பச்சைப் பொத்தான் பிய்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. வாசலில் காவலுக்கு நின்றவன் தலைவரைக் கூப்பிட ஓடினான். ஒரு வருஷம், ஒரு பொத்தானில் போயிற்று. இனி கீழே மேஜை, டீக் கப்பு. அப்புறம் பால்கனியில் ஒரு டின் இருக்காது.

அண்ணி தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள். கைப்பையிலிருந்து பசைக் குப்பியை எடுத்தாள். பசை இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை. தபால்காரரிடம் நீட்டினாள். "நீங்களே ஒட்டுங்க."

"எங்க இருந்துச்சுன்னு தெரியலையேம்மா."

"இருந்த இடத்துல ஏன் ஒட்டணும்? உங்களுக்கு எங்க பிடிக்குதோ அங்க ஒட்டுங்க."

அவர் அந்தப் படத்தை அப்போதுதான் நிஜமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மேலிருந்து கீழ்வரை, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். கடைசியில் உச்சிப் பட்டையில், அழுக்கு மஞ்சளின் மூலையில் ஒட்டினார். இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்து, "சரியா இருக்கில்ல?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. அண்ணி வைத்திருந்த இடத்தைவிட நன்றாக இருந்தது, சத்தியமாக.

வரிசையில் அடுத்து நின்ற பெண், "நானும் ஒண்ணு ஒட்டட்டுமா?" என்றாள். தன் கோட்டின் கைப்பட்டியில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைப் பிடுங்கிக் கொடுத்தாள். இன்னொருவர் பையைத் துழாவி ஒரு பழைய சாவியை எடுத்தார். ஒரு பாட்டியம்மாள் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதைக் கொடுத்தாள். தலைவர் மூச்சு வாங்க ஓடி வந்தபோது, படத்தைக் கழற்ற அவருக்கு வழியே கிடைக்கவில்லை. "விலகுங்க, விலகுங்க" என்றார். "வரிசையில வாங்க சார்" என்றார்கள். தபால்காரர்தான் சத்தமாகச் சொன்னார்: "பெரியவரே, நாங்களும் நிக்கறோம்ல?"

தலைவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். வேறு என்ன செய்வார்? அவர் முறை வருவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. வந்து நின்றதும் கழற்றச் சொல்வார் என்று நான் கையை முறுக்கிக்கொண்டு தயாராக இருந்தேன். அவர் நாலாவது பட்டனை அழுத்தினார். ஒரு தடவைதான். பிறகு திரும்பி, ஆளில்லாமல் கிடந்த எதிர்ச்சுவரையும் அதில் தனியாகக் கொட்டிக்கொண்டிருந்த தன் அருவியையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"ஓவியர் நீங்கதானே?" என்று அண்ணியைக் கேட்டார். யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் தலையை ஆட்டினாள். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். வேலை முடிந்து வந்திருந்த அண்ணன் கைக்குட்டையை நீட்டினான், அவன் கண்ணும் நன்றாக இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நினைக்கலேன்னா... என் அருவியை இந்தப் பக்கம் கொண்டாந்து, உங்க படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கலாமா? ஜனங்க எல்லாம் இங்கதான் நிக்கறாங்க."

ஆட்கள் அருவியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே வந்தார்கள். வரிசை விலகி வழிவிட்டது. அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் படத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "இங்க மாட்டுங்க ஐயா, கொஞ்சம் மேலே" என்றாள், ஏதோ தன் வீட்டுச் சுவர்போல.